பள்ளிக்கு ஒரு கீபோர்டு

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளிக் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேச ஓர் இசை ஆசிரியரை அழைத்திருக்கலாம். நான் கணக்கு டீச்சர். சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டதில்லை. எங்கள் பள்ளிக்கு ஒரு கீபோர்டு வாங்கினோம், அதை வைத்துக்கொண்டு முதலில் சில தவறுகள் செய்தோம், பிறகு கொஞ்சம் திருந்தினோம். அந்தக் கதையை உள்ளபடி சொல்லச் சொன்னார்கள். நல்ல பகுதியை மட்டும் சொன்னால் உங்களுக்குப் பயன்படாது என்பதால் தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள். கருவியிசை என்று வந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு பறை, ஒரு பழைய டிரம் செட், அவ்வளவுதான். அப்போது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு முன்னாள் மாணவர், “ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தா என்ன டீச்சர்?” என்று கேட்டார். அவர் கொஞ்சம் தந்தார். அவருடன் படித்தவர்கள் கொஞ்சம் தந்தார்கள். மீதியை ஆசிரியர்கள் நாங்கள் பகிர்ந்துகொண்டோம். தீர்மானம் எழுதி, மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கினோம். “டீச்சர் கணக்கு, கடைக்காரர் ஏமாத்த முடியாது” என்று சொல்லி அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

கடைக்குப் போனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. 37 கட்டை, 49 கட்டை, 61 கட்டை, 88 கட்டை என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். அறுநூறு குரல், எண்ணூறு குரல் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. அன்று தெரியாமல் இன்று தெரிந்துகொண்டதை, வாங்கப் போகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பள்ளிக்கு 61 கட்டை போதும். ஐந்து ஸ்தாயி கிடைக்கும். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசிக்கலாம். 37 கட்டைக் கருவியில் கட்டைகள் பெரும்பாலும் சிறியவை; அதில் பழகிய விரல் பெரிய கருவியில் தடுமாறும்.

இரண்டாவது, மெல்ல அழுத்தினால் மெல்லவும், பலமாக அழுத்தினால் பலமாகவும் ஒலிக்கிறதா என்று பாருங்கள். டச் ரெஸ்பான்ஸ் என்று கேட்டால் கடைக்காரர் காட்டுவார். அது இல்லாத கருவியில் பிள்ளையின் விரலில் எவ்வளவு அன்பு இருந்தாலும் ஒரே சத்தம்தான் வரும்.

மூன்றாவது, பேட்டரியிலும் ஓடுமா என்று கேளுங்கள். காலை வழிபாட்டு மைதானத்துக்கு ஒயர் இழுப்பது பிள்ளைகள் காலில் மாட்டும் வேலை.

நான்காவது, ஹெட்போன் துளை இருக்க வேண்டும். பக்கத்து வகுப்பில் தேர்வு நடக்கும்போதும் ஒரு பிள்ளை பழகலாம்.

ஐந்தாவது, இடது ஓரத்தில் பிட்ச் பெண்ட் என்ற சிறு சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

குரல்கள் எத்தனை நூறு என்பதைக் கடைசியாகப் பாருங்கள். எண்ணூறில் எங்கள் பிள்ளைகள் உண்மையாகப் பயன்படுத்துவது பத்துதான்.

யமஹா, கேசியோ போன்ற நிறுவனங்கள் தபலா, தம்புரா, ஆர்மோனியம் ஒலிகளைச் சேர்த்து நம் நாட்டுக்கென்றே சில வகைகளை வெளியிடுகின்றன. நம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் சிப்காட்டில், 2019 முதல் யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை இயங்கி வருகிறது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. பட்டும் இட்லியும்தான் நம் ஊர்ப்பக்கம் செய்வார்கள் என்று நினைத்திருந்தார்கள்.

அப்போது புதிதாக வந்திருந்த ஒரு வகையை 2023 ஜனவரியில் வாங்கினோம். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தோம். இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம். பிறகு என்ன செய்தோம் தெரியுமா? பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

இங்கே சிரிக்கிறவர்கள் எல்லோருடைய பள்ளியிலும் அப்படி ஒரு பீரோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தணிக்கையில் பொருள் இருக்க வேண்டும், உடையக் கூடாது, காணாமல் போகக் கூடாது. பொறுப்பாளர் பெயர் என் பெயர். சாவி என் கைப்பையில். யாராவது அதிகாரி வந்தால் வெளியே எடுப்போம், காட்டுவோம், திரும்ப உள்ளே வைப்போம். பத்தாம் வகுப்பில் நன்றாகப் பாடும் மாணவன் ஒருவன் இருந்தான். “டீச்சர், அது எப்ப வெளிய வரும்?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டான். “பரீட்சை முடியட்டும்” என்றேன். பரீட்சை முடிந்தது, அவனும் பள்ளியை விட்டுப் போய்விட்டான். ஒரு கட்டையைக்கூட அவன் தொடவில்லை. இன்றும் அவனைக் கடைத்தெருவில் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது.

அந்த மார்ச் மாதம் ஆண்டு விழா. கீபோர்டு வாங்கியிருக்கிறோம், நன்கொடை தந்தவர்கள் வருகிறார்கள், மேடையில் யாராவது வாசிக்க வேண்டும். யாருக்கும் வாசிக்கத் தெரியாது, ஏனென்றால் யாரையும் நாங்கள் தொட விடவில்லை. அந்தக் கருவியில் டெமோ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அதுவே ஒரு பாட்டை முழுதாக வாசிக்கும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நிறுத்தி, “நீ கையை மட்டும் கட்டை மேல வச்சு ஆட்டிக்கிட்டு நில்லும்மா” என்றேன். ஒலியைக் கூட்டினேன். அவள் நின்றாள். கருவி வாசித்தது. அரங்கம் முழுக்கக் கைதட்டல். நன்கொடையாளர் மேடைக்கு வந்து அவளுக்குச் சால்வை போட்டார்.

மறுநாள் மதிய உணவு இடைவேளையில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். அதிகம் பேசாத பிள்ளை.

“டீச்சர், நான் வாசிக்கவே இல்லையே. எதுக்கு எனக்குக் கைதட்டினாங்க?”

என்னிடம் பதில் இல்லை. “அது விழாவுக்காகம்மா” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தேர்வு அறையில் ஒரு பிள்ளை பக்கத்துத் தாளைப் பார்த்தால் நான் என்ன சொல்வேன்? இருபது வருடமாக என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்? அதையே நான் மேடையில் ஏற்றி, சால்வையும் போட வைத்துவிட்டேன். இதை நான் உங்களிடம் சொல்லக் காரணம், நம் வகுப்பறைகளுக்குள் இப்போது பொத்தானை அழுத்தினால் தானாக வேலை செய்யும் பொருள்கள் நிறைய வந்துவிட்டன. திறன் பலகை வந்திருக்கிறது. கைப்பேசி வந்திருக்கிறது. காணொளி ஓடுகிறது, பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள், பார்க்கிறவருக்குப் பாடம் நடப்பது போல் தெரிகிறது. வாசிப்பது யார், கருவியா பிள்ளையா என்ற கேள்வியை ஒரு ஏழாம் வகுப்புப் பெண்தான் எனக்குக் கேட்டுக் கொடுத்தாள்.

மே விடுமுறையில் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கீபோர்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நாற்பத்து நான்கு வயதில் சரளி வரிசை. மாயாமாளவகௌளையில்தான் தொடங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு கட்டையை ஸ வாக வைத்துக்கொண்டால், வெள்ளை, கருப்பு, வெள்ளை, வெள்ளை, வெள்ளை, கருப்பு, வெள்ளை, வெள்ளை. ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று பாடகர்கள் சுருதியைச் சொல்கிறார்களே, அது ஆர்மோனியத்தின் இந்தக் கட்டைக் கணக்குதான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை, ஐந்தாவது வெள்ளை ஐந்து கட்டை, முதல் கருப்பு ஒன்றரைக் கட்டை. என் வீட்டில் ஒரு மாதம் யாரும் டிவி பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை என்று என் மகன் சொல்வான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மூன்று விதிகள் எழுதி ஒட்டினேன். ஒன்று, கீபோர்டு தினமும் பீரோவை விட்டு வெளியே வரும். இரண்டு, கை கழுவிவிட்டு யார் வேண்டுமானாலும் தொடலாம். மூன்று, டெமோ பொத்தானை மேடையில் யாரும் தொடக்கூடாது. தபலாத் தாளம் மட்டும் பின்னால் ஓடலாம். பாட்டைக் கைதான் வாசிக்க வேண்டும்.

முதல் வாரம் ஒரே இரைச்சல். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் எனக்கு ஒரு வழி கிடைத்தது. “கருப்புக் கட்டையை மட்டும் தொடுங்க. எப்படித் தொட்டாலும் தப்பு வராது” என்றேன். கருப்புக் கட்டைகள் ஒரு ஸ்தாயிக்கு ஐந்து. இரண்டு சேர்ந்து நிற்கும், மூன்று சேர்ந்து நிற்கும். அந்த மூன்றில் முதல் கட்டையை ஸ வாக வைத்து மேலே போனால் மோகனம். அதற்கு அடுத்த கருப்பிலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி. அதற்கும் அடுத்ததிலிருந்து ஹிந்தோளம். இரண்டு சேர்ந்து நிற்பவற்றில் முதலாவதிலிருந்து சுத்த சாவேரி, இரண்டாவதிலிருந்து சுத்த தன்யாசி. அதே ஐந்து கட்டைகள்தான். எங்கே வீடு என்று நினைக்கிறோமோ அதைப் பொறுத்து ராகம் மாறுகிறது. சங்கீதத்தில் இதைக் கிரக பேதம் என்கிறார்கள். நம் பழந்தமிழ் இசையில் இதுவே பண்ணுப்பெயர்த்தல். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரிய நூலில் இந்தக் கணக்குகளைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கிறார். கணக்கு டீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, அதை முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், மூன்றன் நடையில் 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று சொல்கிறது. பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டை ஒலிபரப்புவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் சொல்கிறது. நாங்கள் காலை வழிபாட்டில் கைப்பேசியிலிருந்து பாட்டை ஒலிக்கவிட்டு, பிள்ளைகளை உதடு அசைக்க வைத்துக்கொண்டிருந்தோம். அதுவும் ஒரு டெமோ பொத்தான்தானே?

“தினமும் கேக்கிற பாட்டு மோகனம். மோகனம் கருப்புக் கட்டையில இருக்கு. தேடிக் கண்டுபிடிங்க” என்று சொல்லிவிட்டேன். ஸ்வரம் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தப் பெண், அப்போது எட்டாம் வகுப்பு, நான்கு நாள் மதிய இடைவேளையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தேடினாள். ஒவ்வொரு கட்டையாகத் தொடுவாள், வாய்க்குள் பாடிப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், அடுத்த கட்டைக்குப் போவாள். ஐந்தாம் நாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முதல் வரியை வாசித்துக் காட்டினாள். அதில் ஒரு இடம் தப்பு. பக்கத்தில் நின்ற ஆறாம் வகுப்புப் பையன், “அக்கா, அங்க ஒண்ணு தள்ளிப் போ” என்றான். சரியாக வந்தது. அன்று யாரும் கைதட்டவில்லை. எல்லோரும், “நான், நான்” என்று முண்டியடித்தார்கள்.

பாட்டு வகுப்பு இப்படிப் போய்க்கொண்டிருக்க, நான் கணக்கு வகுப்புக்கும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை நடத்துகிறோம். பொது விகிதம் என்றால் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் உள்ள எண்கள்தான். ஆறு கட்டையை அழுத்தினால் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி மேலே 880. கீழே 220. இரண்டு மடங்கு, பாதி. இந்த இரண்டு மடங்கை 12 சம விகிதப் படிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படிக்கும் பொது விகிதம் ஏறத்தாழ 1.0595. 440இல் தொடங்கிப் பெருக்கிக்கொண்டே போனால் 466, 494, 523 என்று வரும். பன்னிரண்டாவது பெருக்கலில் 880. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதி பார்க்கும் செயலி ஒன்றைத் திறந்து வைத்து, பிள்ளைகள் கணக்குப் போட்ட விடையைக் கருவியிடமே சரிபார்த்தார்கள். விடைத்தாளைத் திருத்த நான் தேவைப்படாத ஒரே வகுப்பு அதுதான். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஒலி பற்றிய பாடத்துக்கும் எங்கள் அறிவியல் ஆசிரியர் இதையே எடுத்துப் போகிறார். வீச்சு என்றால் என்ன, அதிர்வெண் என்றால் என்ன என்பதைச் சொல்லிப் புரிய வைப்பதற்கு முன் காதில் போட்டுவிடலாம்.

இந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் அப்பா பள்ளிக்கு வந்தார். கோபமாக வந்தார். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். “டீச்சரம்மா, பொண்ணு சாயங்காலம் நேரத்துக்கு வீட்டுக்கு வரமாட்டேங்குது. வீட்ல தார் சுத்த ஆள் இல்ல. படிக்கத்தான் அனுப்புறேன். பாட்டுப் பொட்டி வாசிக்க இல்ல” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. ஒரு புடவைக் கூலியில் வீட்டில் அத்தனை பேர் உழைப்பும் கலந்திருக்கிறது. மாலை அரை மணி நேரம் அவருக்குக் கணக்கு. நான் மன்னிப்புக் கேட்டேன். இனி மதிய இடைவேளையில் மட்டும்தான், சாயங்காலம் வேண்டாம் என்றேன். அவர் எழுந்து போகும்போது சும்மா, “அண்ணே, அது உங்க ஜக்கார்டு பெட்டி மாதிரிதான்” என்று சொன்னேன். அவர் நின்றுவிட்டார். “எப்படி?” என்றார்.

அவருக்கு விளக்க வேண்டியதாகிவிட்டதால் நானும் சரியாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் என்ற சொல்லைப் புரிய வைக்கக் கணினியே தேவையில்லை. பிரான்சில் ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய தறியில் அட்டைகள் இருக்கின்றன. ஓட்டை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே எழும். ஓட்டை இல்லாவிட்டால் எழாது. உண்டு, இல்லை. ஒன்று, பூஜ்யம். அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு அட்டை வைக்க நினைத்தார். கணினி அந்த வழியில் வந்தது. கீபோர்டும் அந்தக் குடும்பம்தான். நாம் வாசிப்பதைக் கீபோர்டு பதிவு செய்யும்போது அது சத்தத்தைப் பதிவு செய்வதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு பலம், எப்போது தொட்டது, எப்போது விட்டது என்று எண்களாகக் குறித்துக்கொள்கிறது. 1983இல் மிடி என்ற பொது விதி வந்தபோது, எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றொன்றின் எண்களைப் படிக்கும்படி ஆயிற்று. அதில் 440 ஹெர்ட்ஸ் கட்டையின் எண் 69. அழுத்தும் பலம் 1 முதல் 127 வரை. டிசைன் அட்டையில் பட்டு இல்லை, எந்த இழை எழும்ப வேண்டும் என்ற கட்டளை மட்டும்தான் இருக்கிறது. அது போலவே இதில் சங்கீதம் இல்லை, கட்டளை மட்டும்தான் இருக்கிறது.

மறுவாரம் அவர் கயிற்றில் கோத்த பழைய டிசைன் அட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எட்டாம் வகுப்பில் நின்று, எந்த ஓட்டைக்கு எந்த இழை எழும்பும், மாங்காய் வரிசை எப்படி வரும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். தன் எட்டாவது வயதில் கோர்வைத் தறியில் மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள உட்கார்ந்ததையும், அதனால் பள்ளிக்கூடம் நின்றுபோனதையும் சொன்னார். கரையையும் உடலையும் கோத்து நெய்வதற்கு நம் ஊரில் கோர்வை என்று பெயர். மிருதங்கத்தில் சொற்களைக் கணக்காகக் கோத்து முடிப்பதற்கும் கோர்வை என்றுதான் பெயர். நயினாப் பிள்ளை என்ற மாபெரும் பாடகர் தாளக் கணக்கில் புகழ் பெற்றது இந்த ஊர்க்காரராகத்தான். பிள்ளைகளுக்கு இரண்டு கோர்வையும் ஒரே நாளில் தெரிந்தது.

ஒரு பையன் அவரிடம், “அட்டை இருந்தா தறி தானா நெஞ்சிடுமா?” என்று கேட்டான். அவர், “அட்டை நெய்யாதுப்பா. மிதிக்கிற காலும் நாடா தள்ற கையும்தான் நெய்யும். அட்டை ஞாபகம் வச்சிருக்கும், அவ்வளவுதான்” என்றார். நான் ஆண்டு விழாவில் தவறவிட்ட பாடத்தை அவர் ஒரு வரியில் நடத்திவிட்டார்.

கீபோர்டைப் பற்றிப் பெருமை மட்டும் பேசினால் நம் இசைக்குத் துரோகம் ஆகும். அதற்கு முடியாதது எது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை செய்தது. 1971 வாக்கில்தான் தடை தளர்ந்தது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள இடத்தை அதனால் தொட முடியாது, கமகம் வராது என்பது முக்கியக் காரணம். இதில் கணக்கும் இருக்கிறது. 440 ஹெர்ட்ஸை ஸ வாக வைத்தால், தம்புராவோடு இழையும் பஞ்சமம் 660. கீபோர்டின் பஞ்சமம் 659.26. அதைக் காது மன்னித்துவிடும். ஆனால் இயல்பான அந்தர காந்தாரம் 550; கீபோர்டு தருவது 554.37. பழகிய காது இதைக் கண்டுபிடித்துவிடும்.

இதை நான் பலகையில் எழுதிக்காட்டியபோது பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம். “நாகஸ்வரத்தை இந்தத் தடவை கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க, நம்ம கட்டையில இல்லாத இடம் எது வருதுன்னு பாருங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பள்ளி திறந்ததும் ஒரு பையன் வந்து, “டீச்சர், அவரு எந்தக் கட்டையிலயும் நிக்கவே இல்ல. வழுக்கிக்கிட்டே போறாரு” என்றான். கமகத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. நான் முதலில் சொன்ன பிட்ச் பெண்ட் சக்கரம் இதற்குத்தான். இடது கையால் அதை உருட்டினால் ஒலி கட்டையை விட்டு வழுக்கும். கீபோர்டு சத்யா போன்ற கலைஞர்கள் இதை வைத்துக்கொண்டு கர்நாடக இசைக் கச்சேரியே செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது இன்னும் கைவரவில்லை. ஆனால் எது வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது. அது போதும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். எங்கள் வளாகத்திலேயே தொடக்கப் பள்ளியும் இருக்கிறது. ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் பாட்டு நிறைய. நாம் நமக்கு வசதியான சுருதியில் தொடங்குகிறோம், அது குழந்தைகளுக்கு மிகவும் கீழே. அதனால்தான் அவர்கள் பாடாமல் கத்துகிறார்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்ற பொத்தான் இருக்கும். நீங்கள் வாசிக்கும் கட்டையை மாற்றாமலே சுருதியை ஏற்றலாம். இரண்டு மூன்று படி ஏற்றிப் பாருங்கள், கத்தல் குறைந்து பாட்டு வரும். தம்புரா ஒலியை மெல்ல ஓடவிட்டால் வகுப்பு தானாக அடங்கும். ஒலியளவு பாதிக்கு மேல் போக வேண்டாம்.

பராமரிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடாப்டர் மாறிப் போகாமல் அதன் மேல் கீபோர்டின் பெயரை எழுதி ஒட்டுங்கள். வேறு அடாப்டரைச் செருகினால் கருவி போய்விடும். கோடை விடுமுறையில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்துவிடும். பழைய பருத்திப் புடவையில் ஓர் உறை தைத்துப் போடுங்கள். சாக்பீஸ் தூசியும் பல்லியும்தான் அதற்கு எதிரி.

சென்ற வருடம் எங்கள் கீபோர்டில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டது. எனக்கு முதலில் தணிக்கைதான் நினைவுக்கு வந்தது. தலைமை ஆசிரியர் பதிவேட்டை எடுத்து, “மாணவர்கள் தொடர்ந்து பயன்படுத்தியதால் ஏற்பட்ட பழுது. சரிசெய்யப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, கட்டைக்கு அடியிலுள்ள ரப்பரில் தூசி என்று சொல்லித் துடைத்து மாட்டினார். சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. பொருள் உடைந்தால் நமக்குக் கேள்வி வரும். பிள்ளை தொடாமலே பள்ளியை விட்டுப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காத அந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் பேசினேன்.

அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. பெரிய பரிசு எதுவும் வாங்கவில்லை. கலைத் திருவிழாவில் ஒருமுறை வட்டார அளவில் கலந்துகொண்டு திரும்பி வந்தாள். ஆனால் திங்கள்கிழமை காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அவள்தான் முதல் சுருதி கொடுக்கிறாள். கைப்பேசியை நாங்கள் நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் வாயால் பாடுகிறார்கள். போன மாதம் ஒருநாள் நடுவில் பேட்டரி தீர்ந்து கருவி நின்றுவிட்டது. நான் பதறினேன். பிள்ளைகள் நிறுத்தவில்லை. அவளும் கையை எடுத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து பாடி முடித்தாள்.

அன்று வகுப்புக்குப் போகும் வழியில், “பயந்துட்டியா?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர், எல்லாருக்கும்தான் பாட்டு தெரியுமே” என்றாள்.

உங்கள் பள்ளி பீரோவில் எது பூட்டிக் கிடக்கிறதோ, அது கீபோர்டாக இருக்கலாம், நுண்ணோக்கியாக இருக்கலாம், நூலகப் புத்தகமாக இருக்கலாம், நாளைக் காலை அதை வெளியே எடுத்து வையுங்கள். சாவியை ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள்.